முற்றுவினையை எண்ணிப் பழகுங்கள்: ஆங்கில வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி

படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில், படிக்கும் பிள்ளையிடம் ‘ஆல்தோ’, ‘பிகாஸ்’, ‘பட்’, ‘ஸோ’ ஆகிய நான்கு சொற்களைக் கொடுத்துக் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே நிரப்பிவிடும். அதே பிள்ளை அதே வாரம் எழுதிய கட்டுரையைத் திறந்தால், “ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி வென்ட் அவுட்” என்று இருக்கும். பாடம் புரியாததால் வந்த பிழை அல்ல இது. கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சியில் வாக்கியத்தை வேறொருவர் கட்டி முடித்திருக்கிறார். பொருளைப் பார்த்து ஒரு சொல்லைப் பொருத்தினால் போதும். கட்டுரையிலோ வாக்கியத்தைக் கட்டுவதே பிள்ளையின் வேலை. அந்த வேலைக்கு அதற்குப் பயிற்சி கிடைத்ததே இல்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தரும் பெற்றோருக்கும் இந்தக் கட்டுரை பயன்படும். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வளரும் தமிழ்ப் பிள்ளையின் காதில் தமிழ், மலாய், பேச்சு ஆங்கிலம் மூன்றும் ஒன்றாக விழுகின்றன. பிழைகளில் பல இம்மூன்றும் உரசும் இடங்களில்தான் பிறக்கின்றன. ஆகவே எங்கே பிறக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆங்கில வாக்கியங்களை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படியுங்கள், பயிற்சி ஏட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காதால் கேட்டு எழுதுவதும் ஒரு பயிற்சிதான்.

தேர்வுப் புள்ளிக் கணக்கையும் சொல்லிவிடலாம். மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், ஆங்கிலத்தின் எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள் உண்டு: முதலாவது ஏறக்குறைய 80 சொல், இரண்டாவது 125 முதல் 150 சொல், மூன்றாவது 200 முதல் 250 சொல். ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. அதில் 5 மொழிக்கு, 5 கருத்துகளை ஒழுங்குபடுத்திய விதத்துக்கு. வாக்கியத்தை இணைக்கத் தெரியாதவருக்கு இந்த இரண்டு இடத்திலும் புள்ளி குறையும்.

முதலில் முற்றுவினை

இணைப்புச் சொல்லிலிருந்து பாடத்தைத் தொடங்காதீர்கள். வினைச்சொல்லிலிருந்து தொடங்குங்கள். முற்று (வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை), எச்சம் (முடியாமல் நிற்கும் வினை) என்ற பாகுபாட்டைப் பிள்ளை தமிழ் வகுப்பிலேயே படித்திருக்கும். ஆங்கில வாக்கிய அமைப்பைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல கருவி கிடையாது.

“அம்மா சோறு வடித்து, குழம்பு வைத்து, பிள்ளைகளை எழுப்பினார்.” இந்தத் தமிழ் வாக்கியத்தில் முற்று ஒன்றே ஒன்று, ‘எழுப்பினார்’. மற்ற இரண்டும் எச்சம். இதையே ஆங்கிலத்தில் இயல்பாகச் சொன்னால், “மதர் குக்ட் த ரைஸ், மேட் த கறி அண்ட் வோக் த சில்ட்ரன்.” இங்கே மூன்று முற்று. தமிழ் எச்சத்தை வைத்துக் கோத்துக்கொண்டே போகிறது. ஆங்கிலம் முற்றுக்கு மேல் முற்றாக அடுக்குகிறது. இரண்டு முற்று அருகருகே வந்துவிட்டால் நடுவில் இணைப்பு கேட்கிறது. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மீதி எல்லாம் அதிலிருந்து வரும்.

ஆங்கிலத்தில் எது முற்று என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தின் காலத்தை மாற்றிப் பாருங்கள். “மை அங்கிள் டேக்ஸ் த ஃபெர்ரி டு விசிட் அஸ் எவ்ரி சண்டே” என்பதில் ‘எவ்ரி சண்டே’ என்பதை எடுத்துவிட்டு ‘யெஸ்டர்டே’ போட்டால் ‘டேக்ஸ்’ என்பது ‘டுக்’ ஆகிறது. ‘டு விசிட்’ அப்படியே இருக்கிறது. மாறுவது முற்று, மாறாதது எச்சம். ஆகவே இவ்வளவு நீளமான வாக்கியத்திலும் முற்று ஒன்றுதான், இது தனி வாக்கியம்தான். நீளமாக இருந்தாலே கலவை வாக்கியம் என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. நீளத்துக்கும் வாக்கிய வகைக்கும் சம்பந்தம் இல்லை. துணைவினைகளோடு வரும் ‘ஹேஸ் பீன் வெயிட்டிங்’, ‘வில் பி’ போன்றவை எத்தனை சொல்லாக நீண்டாலும் ஒரே முற்றுதான்.

ஒரு முற்றும் அதற்குரிய எழுவாயும் சேர்ந்ததை ஆங்கில இலக்கணம் ‘கிளாஸ்’ (clause) என்கிறது. இங்கே அதைக் கூறு என்போம். தானே வாக்கியமாக நிற்கக்கூடியது முதன்மைக் கூறு. இன்னொன்றைச் சார்ந்தே நிற்பது சார்புக் கூறு.

இப்போது கணக்கு. ஒரு வாக்கியத்தில் எத்தனை முற்று இருக்கிறதோ, அதில் ஒன்றைக் கழித்தால் வருவதுதான் தேவையான இணைப்புகளின் எண்ணிக்கை. மூன்று ரயில் பெட்டிகளைக் கோக்க இரண்டு கொக்கி போதும், ஒன்று போதாது, மூன்று மிகை. “ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி வென்ட் அவுட்” என்பதில் முற்று இரண்டு: ‘வாஸ் ரெய்னிங்’, ‘வென்ட்’. கொக்கியும் இரண்டு: ‘ஆல்தோ’, ‘பட்’. ஒன்று மிகை. எதை எடுத்தாலும் வாக்கியம் சரியாகிவிடும். “இட் வாஸ் ரெய்னிங், வி வென்ட் அவுட்” என்று எழுதினால் முற்று இரண்டு, கொக்கி இல்லை. காற்புள்ளிக்குத் தனியாக இரண்டு முதன்மைக் கூறுகளைப் பிடித்து நிறுத்தும் பலம் கிடையாது. இதுவும் பிழை.

இந்தக் கணக்கு தப்புவதுபோல் தோன்றும் இடங்கள் சில உண்டு. பிள்ளை அவற்றைக் கண்டுபிடித்துக் கேட்கும், தயாராக இருங்கள். மேலே அம்மா சமைத்த வாக்கியத்தில் ‘அண்ட்’ ஒன்றுதான் இருக்கிறது, முற்று மூன்று. மூன்று அல்லது அதற்கு மேல் அடுக்கும்போது கடைசிக்கு முந்திய இணைப்புகளுக்குப் பதில் காற்புள்ளி நிற்கலாம். அடுத்தது, “ஐ திங்க் ஹி இஸ் அட் கொம்தார்.” இங்கே ‘தட்’ மறைந்திருக்கிறது, போட்டுப் படித்தாலும் பொருள் மாறாது. “த பஸ் ஐ டுக் வாஸ் ஃபுல்” என்பதும் அப்படித்தான். மூன்றாவது அரைப்புள்ளி: அது இணைப்புச் சொல் இல்லாமலே இரண்டு முதன்மைக் கூறுகளைச் சேர்க்கும். மறுபக்கம், ‘ரைஸ் அண்ட் கறி’ என்பதில் உள்ள ‘அண்ட்’ இரண்டு பெயர்களைத்தான் சேர்க்கிறது. அதைக் கொக்கிக் கணக்கில் எடுக்கக் கூடாது.

முற்றைத் தேடும்போதே வேறு இரண்டு பிழைகளும் கையில் சிக்கும். “அவர் என் மாமா” என்ற தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லை. மலாயில் “டியா பாக் சிக் சாயா” என்றாலும் இல்லை. ஆகவே “ஹி மை அங்கிள்”, “ஷி வெரி டயர்ட்” என்று எழுதுவது இரு மொழியும் சேர்ந்து தள்ளிவிடும் பிழை. முற்றைக் கோடிடச் சொன்னால் கோடிட ஒன்றும் இருக்காது. பிள்ளை தானே கண்டுகொள்ளும். இரண்டாவது, எழுவாய் விடுபடுதல். “வீட்டுக்கு வந்துவிட்டேன்” என்றால் வந்தது யார் என்று வினையின் விகுதியே சொல்லிவிடுகிறது. ஆங்கில வினை அப்படிச் சொல்லாது. “ரீச்ட் ஹோம்” என்பது வாட்ஸ்அப்பில் செல்லும், கட்டுரையில் செல்லாது. மழை பெய்வதற்கும் ‘இட்’ என்ற எழுவாய் வேண்டும்.

சமமாகச் சேர்ப்பவை

முதன்மைக் கூறு இரண்டைச் சமமாகச் சேர்க்கும் இணைப்புச் சொற்கள் ஆங்கிலத்தில் ஏழு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. முதலெழுத்துகளைக் கோத்து ‘ஃபேன்பாய்ஸ்’ என்று மனப்பாடம் செய்வது வழக்கம். தொடக்க நிலைக்கு அண்ட், பட், ஆர், ஸோ நான்கும் போதும். ‘ஃபார்’ இந்தப் பொருளில் பேச்சில் அநேகமாக வருவதில்லை. ‘நார்’ வந்தால் பின்னால் வினை எழுவாய்க்கு முன்னே போய்விடும், அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நிறுத்தக்குறி விதி எளிது. இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் புதிய எழுவாய் வந்தால் அச்சொல்லுக்கு முன்னால் காற்புள்ளி: “த ஷாப் வாஸ் க்ளோஸ்ட், ஸோ வி வென்ட் ஹோம்.” எழுவாய் மீண்டும் வராவிட்டால் காற்புள்ளி வேண்டாம்: “ஷி லாக்ட் த டோர் அண்ட் லெஃப்ட்.”

‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ இரண்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. பொருளில் ‘ஆனால்’, ‘ஆகவே’ போல இருப்பதால் பிள்ளைகள் “இட் வாஸ் லேட், ஹவெவர் வி வெயிட்டட்” என்று எழுதுகிறார்கள். அவற்றுக்கு இரண்டு கூறுகளைக் கோக்கும் பலம் கிடையாது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ, பின்னால் காற்புள்ளி. நல்ல சொல்லைப் பயன்படுத்தியும் புள்ளி இழக்கும் இடம் இது.

சார்ந்து நிற்பவை

பிகாஸ், ஆல்தோ, வென், வைல், இஃப், அன்லெஸ், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஸின்ஸ், ஸோ தட். இவை எந்தக் கூறின் தலையில் ஏறி உட்காருகின்றனவோ அந்தக் கூறு சார்புக் கூறாகிவிடும். தனியாக நிற்கும் உரிமையை இழந்துவிடும். “பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்.” என்று முற்றுப்புள்ளி வைத்தால் அது அரை வாக்கியம். பேச்சில் “ஏன் வரவில்லை?” என்றால் “மழை பெய்ததால்” என்று சொல்லிவிட்டுப் போகிறோம்; எழுத்தில் அந்தப் பழக்கம் இப்படி வந்து நிற்கிறது.

தமிழ் இந்த வேலையைச் சொல்லின் வாலில் செய்கிறது: பெய்தால், பெய்ததால், பெய்தாலும், பெய்யும்போது. ஆங்கிலம் கூறின் தலையில் செய்கிறது. ஆகவே மொழிபெயர்க்கும்போது ஒரு வழி: தமிழ் வினையின் வாலில் இருப்பதைப் பிடுங்கி, ஆங்கிலக் கூறின் முன்னால் வையுங்கள், பிறகு எழுவாய், பிறகு காலத்தோடு கூடிய முற்று. “மழை பெய்தால் பஸ் தாமதமாகும்”: ‘ஆல்’ என்பது ‘இஃப்’ ஆகிறது, “இஃப் இட் ரெய்ன்ஸ், த பஸ் வில் பி லேட்.” சார்புக் கூறு முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் காற்புள்ளி, பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை: “த பஸ் வில் பி லேட் இஃப் இட் ரெய்ன்ஸ்.”

‘இஃப் இட் ரெய்ன்ஸ்’ என்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். மழை இனிமேல்தான் பெய்யப்போகிறது, ஆனாலும் ‘வில் ரெய்ன்’ இல்லை. தமிழின் ‘பெய்தால்’ என்பதில் காலமே இல்லாததால் இந்தக் கேள்வி நமக்கு எழுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது எதிர்காலம் என்பதற்காகப் பிள்ளை ‘வில்’ போட்டுவிடுகிறது. நிபந்தனையையோ நேரத்தையோ சொல்லும் சார்புக் கூறில் எதிர்காலத்துக்கும் நிகழ்காலமே வரும்: “வென் ஐ ரீச் பட்டர்வொர்த், ஐ வில் கால் யு.” இஃப், வென், அன்டில், பிஃபோர், ஆஃப்டர் எல்லாவற்றுக்கும் இதே விதி.

‘அன்லெஸ்’ தனக்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ என்ற எதிர்மறையை வைத்திருக்கிறது. “அன்லெஸ் யு டோன்ட் பே” என்றால் எதிர்மறை இரண்டாகிப் பொருள் தலைகீழாகும். “அன்லெஸ் யு பே” அல்லது “இஃப் யு டோன்ட் பே”, இரண்டில் ஒன்று.

இன்னொரு குழப்பம், ஒரே பொருள் கொண்ட இரட்டைச் சொற்கள். ‘பிகாஸ்’ முற்றுடன் கூடிய கூறைக் கேட்கும். ‘பிகாஸ் ஆஃப்’ வெறும் பெயரைக் கேட்கும். ‘ஆல்தோ’வுக்குக் கூறு, ‘டிஸ்பைட்’டுக்குப் பெயர். ‘வைல்’லுக்குக் கூறு, ‘ட்யூரிங்’குக்குப் பெயர். “டிஸ்பைட் இட் ரெய்ன்ட்” என்பதும் “ட்யூரிங் ஐ வாஸ் ஈட்டிங்” என்பதும் இந்த எல்லையைத் தாண்டிய பிழைகள். “டிஸ்பைட் த ரெய்ன்”, “வைல் ஐ வாஸ் ஈட்டிங்” என்று திருத்த வேண்டும். இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்: ஒரே செய்தியை இரு விதமாகவும் எழுதவைத்தால் ஆறு வாக்கியத்தில் பிடிபட்டுவிடும்.

பெயரெச்சத்தைத் திருப்பிப் போடுதல்

தமிழ்ப் பிள்ளைக்கு மிகக் கடினமான பகுதி இதுதான். இதற்கு ஒதுக்கும் நேரம் ஒருபோதும் வீணாகாது.

“பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் அக்கா” என்று தமிழில் சொல்லும்போது விவரமெல்லாம் முன்னால், பெயர் கடைசியில். ஆங்கிலத்தில் பெயர் முதலில்: “த சிஸ்டர் ஹு வொர்க்ஸ் இன் பாயான் லெப்பாஸ்.” கடைசியில் உள்ள பெயரை முன்னுக்கு இழுப்பது, ஆளானால் ‘ஹு’, பொருளானால் ‘விச்’ அல்லது ‘தட்’ வைப்பது, பிறகு மீதியைக் கொட்டுவது, இவ்வளவுதான் வேலை. மலாயில் ஆளுக்கும் பொருளுக்கும் ‘யாங்’ ஒன்றே போதும் என்பதால் “த மேன் விச்” என்று எழுதுவது நம் ஊரில் சகஜம்.

‘ஹு’, ‘விச்’, ‘தட்’ மூன்றும் அந்தப் பெயரின் இடத்தில் நிற்பவை. ஆகவே அதே பெயருக்கு இன்னொரு சுட்டு வரக் கூடாது. “த புக் தட் மை சிஸ்டர் பாட் இட்” என்பதில் கடைசி ‘இட்’ மிகை.

இப்போது தமிழ் மறைத்துவைக்கும் ஒன்றைப் பாருங்கள். “நான் வாங்கிய பஸ்”, “நான் வந்த பஸ்”. இரண்டும் தமிழில் ஒரே அமைப்பு. முதலாவதில் பஸ்ஸை வாங்கினேன். இரண்டாவதில் பஸ்ஸில் வந்தேன். ‘ஐ’ உருபா ‘இல்’ உருபா என்று தமிழ் சொல்வதில்லை, பொருளை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் சொல்லியாக வேண்டும்: “த பஸ் தட் ஐ பாட்” சரி, ஆனால் “த பஸ் தட் ஐ கேம்” தவறு, “த பஸ் தட் ஐ கேம் ஆன்” என்று அந்த ‘ஆன்’ வர வேண்டும். “நான் படித்த பள்ளி” என்பதும் இப்படித்தான்: “த ஸ்கூல் வேர் ஐ ஸ்டடிட்.” பயிற்சிக்கு, பெயரெச்சத்தை முதலில் முழு வாக்கியமாக விரிக்கச் சொல்லுங்கள். நான் பஸ்ஸில் வந்தேன், “ஐ கேம் ஆன் த பஸ்.” விரிக்கும்போது ‘ஆன்’ கண்ணில் படும், மடக்கும்போது மறக்காது.

காற்புள்ளி இங்கே பொருளையே மாற்றும். பினாங்குத் தீவைப் பெருநிலத்தோடு இணைக்க இரண்டு பாலங்கள் உண்டு. ஒன்று 1985-இலும் மற்றொன்று 2014-இலும் திறக்கப்பட்டன. “த பிரிட்ஜ் தட் ஓப்பன்ட் இன் 2014 இஸ் லாங்கர்” என்றால், இரண்டில் எது என்று அந்தக் கூறு அடையாளம் காட்டுகிறது, காற்புள்ளி இல்லை. “த பினாங் பிரிட்ஜ், விச் ஓப்பன்ட் இன் 1985, இஸ் ஆல்வேஸ் பிஸி” என்றால், பெயரே அடையாளம் காட்டிவிட்டது, ஆண்டு கூடுதல் செய்திதான். இருபுறமும் காற்புள்ளி வேண்டும், அந்த இடத்தில் ‘தட்’ வராது. நடுவில் உள்ள கூறை விரலால் மறைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பாலம் என்று தெரியாமல் போனால் காற்புள்ளி வேண்டாம், தெரிந்தால் வேண்டும்.

‘என்று’ எங்கே போகிறது

“அப்பா தாமதமாக வருவேன் என்று சொன்னார்.” தமிழில் சொன்ன செய்தி முன்னால், ‘என்று’ அதன் வாலில், ‘சொன்னார்’ கடைசியில். ஆங்கிலத்தில் முழுவதும் தலைகீழ்: “ஃபாதர் செட் தட் ஹி வுட் பி லேட்.” ‘வருவேன்’ என்ற தன்மை ‘ஹி’ ஆவதையும், ‘வில்’ என்பது ‘வுட்’ ஆவதையும் சேர்த்தே பழக்க வேண்டும்.

கேள்வி உள்ளே வரும்போதுதான் பெரிய சிக்கல். “அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை” என்பதைப் பெரியவர்களே “ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி” என்று எழுதுவதை அலுவலக மின்னஞ்சல்களில்கூடப் பார்க்கலாம். கேள்வி ஒரு பெரிய வாக்கியத்தின் உறுப்பாகிவிட்டால் கேள்வியின் வரிசை போய்விடும்: “ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்.” ‘டு’, ‘டஸ்’, ‘டிட்’ மூன்றும் விழுந்துவிடும்: “டெல் மி வாட் யு வான்ட்”, “வாட் டு யு வான்ட்” அல்ல. ‘வருவாரா’ என்ற ஆகார வினாவுக்கு ‘வெதர்’ அல்லது ‘இஃப்’ வரும்: “ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்.”

இங்கே ‘இஃப்’புக்குப் பின்னால் ‘வில்’ வந்திருக்கிறதே என்று கூர்மையான பிள்ளை கேட்கும். கேட்டால் மகிழுங்கள். இது நிபந்தனை ‘இஃப்’ அல்ல, வினா ‘இஃப்’. தமிழில் ‘வந்தால்’ என்று வருமானால் நிகழ்காலம். ‘வருவாரா என்று’ வருமானால் ‘வில்’ வரலாம். ‘வென்’னுக்கும் இதே சோதனை: ‘வரும்போது’ என்றால் “வென் ஹி கம்ஸ்”, ‘எப்போது வருவார் என்று’ என்றால் “வென் ஹி வில் கம்”. இந்த வேறுபாட்டைத் தமிழ் தெள்ளத்தெளிவாகக் காட்டுகிறது.

வாக்கிய வகைகளைச் சுருக்கமாக

தமிழ் வகுப்பில் படித்த தனி, தொடர், கலவை வாக்கியங்களோடு இதை அப்படியே பொருத்திவிடாதீர்கள். தமிழில் எச்சம் சுமக்கும் வேலையை ஆங்கிலத்தில் கூறு சுமக்கிறது. ஆங்கிலத்தில் அமைப்பு அடிப்படையில் நான்கு வகை: ஒரு முதன்மைக் கூறு மட்டும், இரண்டோ அதற்கு மேலோ முதன்மைக் கூறுகள், ஒரு முதன்மையும் ஒரு சார்பாவதும், இரண்டு முதன்மையும் ஒரு சார்பாவதும். ஒரே செய்தியை நான்கிலும் எழுதிப் பார்ப்பதே இவற்றைப் படிக்கும் வழி.

“த லேட் ஃபெர்ரி மேட் அஸ் மிஸ் த பஸ்.” முற்று ‘மேட்’ ஒன்றுதான், காலத்தை மாற்றினாலும் ‘மிஸ்’ மாறாது.
“த ஃபெர்ரி வாஸ் லேட், ஸோ வி மிஸ்ட் த பஸ்.”
“பிகாஸ் த ஃபெர்ரி வாஸ் லேட், வி மிஸ்ட் த பஸ்.”
“பிகாஸ் த ஃபெர்ரி வாஸ் லேட், வி மிஸ்ட் த பஸ், பட் அவர் அங்கிள் வாஸ் வெயிட்டிங் அட் த ஜெட்டி.” முற்று மூன்று, கொக்கி இரண்டு.

எல்லாம் நான்காம் வகையில் இருந்தால் நல்ல கட்டுரை என்று நினைக்க வேண்டாம். மூன்று நீண்ட வாக்கியத்துக்குப் பிறகு ஒரு குட்டி வாக்கியம் வந்தால்தான் படிப்பவர் மூச்சுவிட முடியும்.

செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்ற பாகுபாடு தமிழிலும் இருப்பதால் எளிது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வாக்கியத்தின் வாலில் ஒட்டும் கேள்வி. தமிழில் எல்லாவற்றுக்கும் ‘இல்லையா’, மலாயில் ‘கான்’. நம் பேச்சு ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘இஸ்ன்ட் இட்’. ஏட்டில் முற்றுக்கு ஏற்ப மாற வேண்டும்: “யு ஆர் கமிங், ஆர்ன்ட் யு?”, “ஹி லெஃப்ட், டிடின்ட் ஹி?”

பயிற்சி செய்யும் முறை

ஒரு நாளைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். கையால் எழுதட்டும், கைப்பேசியில் தட்டினால் பிள்ளை கவனிப்பதற்கு முன்பே சில பிழைகள் தாமாகத் திருந்திவிடும், பிழை எங்கே என்று அதற்குத் தெரியாமலே போகும்.

முதல் வாரம் எதையும் எழுதவே வேண்டாம். பாடநூலில் ஒரு பத்தி, ஆறிலிருந்து எட்டு வாக்கியம். முற்றுகளுக்கு நீலக் கோடு, கூறுகளை இணைக்கும் சொல்லுக்குச் சிவப்பு வட்டம், ஓரத்தில் கணக்கு: முற்று மூன்று, கொக்கி இரண்டு. கணக்கு பொருந்தாத இடத்தில் மறைந்திருக்கும் ‘தட்’டைத் தேடட்டும். சலிப்பாக இருக்கிறது என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு திணறுகிறார்கள்.

இரண்டாம் வாரம் உடைத்தல். அதே பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே முற்று கொண்ட குட்டி வாக்கியங்களாக உடைத்து எழுதட்டும். ஒரு நாள் இடைவெளி விட்டு, மூலத்தைப் பார்க்காமல் மீண்டும் சேர்க்கட்டும். பிறகு மூலத்தோடு ஒப்பிடட்டும். வேறு மாதிரி சேர்த்திருந்தால் தவறு அல்ல. முற்றும் கொக்கியும் பொருந்துகின்றனவா, பொருள் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகுதான் தமிழ் வாக்கியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பயிற்சி, அதற்கும் பிறகு சொந்தப் பத்தி.

திருத்தும்போது சரியான விடையை எழுதித் தராதீர்கள். பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். பிள்ளை முற்றை எண்ணித் தானே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் பிழையின் வகையை மட்டும் சொல்லுங்கள்.

இதோ கொடிமலைக்கு (பினாங் ஹில்) போய்வந்ததைப் பற்றிய ஒரு பத்தி. ஆறு பிழைகள் இருக்கின்றன. கீழே பார்ப்பதற்கு முன் ஏட்டில் எழுதித் தேடுங்கள்.

“லாஸ்ட் சண்டே வி வென்ட் டு பினாங் ஹில், த க்யூ வாஸ் வெரி லாங். ஆல்தோ வி வேர் டயர்ட், பட் வி வெயிட்டட். பிகாஸ் மை கிராண்ட்மதர் வான்ட்டட் டு ஸீ த டவுன். த லேடி விச் ஸோல்ட் த டிக்கெட்ஸ் ஸெட் தட் ஷி வுட் கால் அஸ் வென் த ட்ரெய்ன் வுட் கம். வி டிட் நாட் நோ வேர் வாஸ் த கேட்.”

முதல் வாக்கியத்தில் ‘வென்ட்’, ‘வாஸ்’ இரண்டு முற்று. நடுவில் வெறும் காற்புள்ளி. ‘அண்ட்’ சேர்க்கலாம், முற்றுப்புள்ளியும் வைக்கலாம். இரண்டாவதில் ‘ஆல்தோ’, ‘பட்’ இரண்டில் ஒன்று போக வேண்டும்; ‘பட்’ போனால் காற்புள்ளி இருக்கட்டும், ‘ஆல்தோ’ போனாலும் இருக்கட்டும், ஏனென்றால் ‘வி’ மீண்டும் வருகிறது. மூன்றாவது அரை வாக்கியம்; முந்தைய வாக்கியத்தோடு சேர்த்து “வி வெயிட்டட் பிகாஸ் மை கிராண்ட்மதர்” என்று ஒரே ஓட்டமாக எழுத வேண்டும். ‘டு ஸீ’ முற்று அல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காவதில் ஆளுக்கு ‘ஹு’ வர வேண்டும். அதே வாக்கியத்தின் கடைசியில் ‘வென்’ நேரம் சொல்லும் ‘வென்’; ‘வரும்போது’ என்றுதான் தமிழில் வரும். ஆகவே “வென் த ட்ரெய்ன் கேம்”. ‘வில்’ வராத இடத்தில் அதன் இறந்தகால வடிவமான ‘வுட்’டும் வராது. ஆறாவது, உள்ளே வந்த கேள்வி: “வேர் த கேட் வாஸ்.”

இதே பத்தியை ஒரு வாரம் கழித்து விடையில்லாமல் மீண்டும் கொடுங்கள். ஆறில் எது திரும்பவும் கண்ணில் படாமல் நழுவுகிறதோ, அந்த வகையில் மட்டும் புதிதாகப் பத்து வாக்கியம் எழுதச் செய்யுங்கள். மற்ற ஐந்தையும் தொட வேண்டாம்.